மிஸ்டர் ராஜர்ஸ் படத்தை ஒரு எபிசோடாகப் பார்ப்பது எப்படி

'எ பியூட்டிஃபுல் டே இன் த நெய்பர்ஹுட்' (2019) படத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிற குறை ஒன்று உண்டு. டாம் ஹாங்க்ஸுக்காக உட்கார்ந்தால் கதை வேறு யாரையோ பற்றிப் போகிறதே என்பதுதான் அது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான குறைதான். படத்தின் நாயகன், அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஃப்ரெட் ராஜர்ஸைப் பேட்டி எடுக்கப்போகும் லாயிட் வோகல் என்ற பத்திரிகையாளர், நடித்தவர் மாத்யூ ரீஸ். ராஜர்ஸாக வரும் ஹாங்க்ஸ் நடுநடுவே வந்து போகிறார். ஆஸ்கர் பரிந்துரைகூட அவருக்குத் துணை நடிகர் பிரிவில்தான் கிடைத்தது.

இயக்குநர் மரியல் ஹெல்லர் எடுத்தது ஃப்ரெட் ராஜர்ஸின் வாழ்க்கை வரலாறு அல்ல. ராஜர்ஸ் தன் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு ஒரு எபிசோடு செய்தால் எப்படி இருக்குமோ, அந்த அச்சில் ஒரு முழுநீளப் படத்தை வார்த்திருக்கிறார். எதிரே உட்கார்ந்திருப்பது நாலு வயதுக் குழந்தை அல்ல, அப்பாவை மன்னிக்க முடியாமல் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும் ஒரு வளர்ந்த ஆள். மற்றதெல்லாம் அதே வரிசை, அதே வேகம். இந்தச் சாவி கையில் இல்லாவிட்டால் படம் சாதாரண அப்பா மகன் கதையாகத் தெரியும். இருந்தால் ஒவ்வொரு காட்சியும் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பது புரியும். அதனால் முதலில் நிகழ்ச்சியைப் பார்த்துவிடலாம்.

'மிஸ்டர் ராஜர்ஸ் நெய்பர்ஹுட்' அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 1968 பிப்ரவரி 19 அன்று நாடு முழுவதும் ஒளிபரப்பாகத் தொடங்கியது. கடைசிப் புது எபிசோடு 2001 ஆகஸ்ட் 31 அன்று வந்தது. நடுவில் 1970களின் பிற்பாதியில் சில ஆண்டுகள் இடைவெளி. மொத்தம் ஏறத்தாழ 900 எபிசோடுகள், ஒவ்வொன்றும் அரை மணி. தயாரானது பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரில் இருக்கும் டபிள்யூ.க்யூ.இ.டி. நிலையத்தில். எபிசோடின் உறுப்புகள் பெரிதாக மாறுவதே இல்லை. பொம்மை வீடுகள் நிறைந்த ஒரு தெருவின் மேல் கேமரா மெதுவாக நகரும். ராஜர்ஸ் பாடிக்கொண்டே கதவைத் திறந்து உள்ளே வருவார். கோட்டைக் கழற்றி ஜிப் வைத்த ஸ்வெட்டரை மாட்டுவார். தோல் ஷூவைக் கழற்றிவிட்டுக் கான்வாஸ் ஷூ போடுவார். (அந்த ஷூ அழகுக்காக வந்ததல்ல. ஆரம்ப காலத்தில் செட்டுக்குப் பின்னால் ஓடியாடிப் பொம்மைகளை இயக்கும்போது காலடிச் சத்தம் கேட்கக் கூடாது என்று போட்டுக்கொண்டது, அப்படியே நிலைத்துவிட்டது.) ஏதாவது ஒரு பொருளைக் காட்டுவார். மீனுக்கு இரை போடுவார். தபால்காரர் மிஸ்டர் மெக்ஃபீலி எதையாவது கொண்டுவருவார். சுவரில் இருக்கும் படச் சட்டகத்தில் ஒரு பொருள் தொழிற்சாலையில் எப்படி உருவாகிறது என்று ஒரு குறும்படம் ஓடும். பிறகு சின்ன டிராலி (பொம்மை டிராம் வண்டி) மணியடித்துக்கொண்டு கற்பனை நாட்டுக்குள் போகும். அங்கே மன்னர் 13ஆம் ஃப்ரைடே, கூச்ச சுபாவமுள்ள வரிப்புலி டேனியல் முதலான கைப்பொம்மைகள் குடியிருக்கின்றன. டிராலி திரும்பி வந்ததும் அங்கே நடந்ததைப் பற்றி ராஜர்ஸ் பேசுவார். கடைசியில் ஷூவையும் கோட்டையும் மறுபடி மாட்டிக்கொண்டு பாடியபடி வெளியேறுவார்.

கற்பனை நாட்டில் பாதிப் பொம்மைகளுக்கு மேல் குரல் கொடுப்பவரே ராஜர்ஸ்தான். ஆனால் அவர் உருவம் அந்த நாட்டுக்குள் ஒருபோதும் தெரியாது. எது நிஜம், எது விளையாட்டு என்று சின்னக் குழந்தைக்குக் குழப்பம் வரக் கூடாது என்பது அவருடைய உறுதியான கொள்கை. டிராலி என்பது வேடிக்கைக்கு ஓடும் வண்டி அல்ல, இரண்டு உலகங்களுக்கும் நடுவே போட்ட எல்லைக்கோடு.

இப்போது படத்துக்கு வருவோம். தொடக்கத்தில் அதே பொம்மைத் தெரு, அதே பாட்டு, அதே ஸ்வெட்டர். காட்டுகிற பொருள் சின்னச் சின்னக் கதவுகள் வைத்த ஒரு படப்பலகை. கதவைத் திறந்தால் நிகழ்ச்சியின் பழகிய முகங்கள். இன்னொரு கதவுக்குப் பின்னால் மூக்கில் அடிபட்ட லாயிடின் முகம். என் நண்பரை யாரோ காயப்படுத்திவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, மன்னிப்பது என்றால் என்னவென்று கேமராவைப் பார்த்துக் கேட்கிறார் ராஜர்ஸ். அந்த எபிசோடின் பாடம் அறிவிக்கப்பட்டாயிற்று. அங்கிருந்து பொம்மை நியூயார்க்குக்குப் போகிறோம், லாயிட் விருது வாங்கும் மேடைக்கு வந்துசேர்கிறோம். நடுவில் ஒரு பத்திரிகை எப்படி அச்சாகி வருகிறது என்று ஒரு குறும்படம் ஓடுகிறது. கதைக்கு அது தேவையே இல்லை என்று நினைக்கத் தோன்றும். அது அந்தச் சுவர்ச் சட்டகத்தின் வேலை. பின்பாதியில் லாயிட் மயங்கி விழுந்து காணும் கனவில், தானே பொம்மை அளவுக்குச் சுருங்கி, முயல் காதுகளோடு கற்பனை நாட்டில் நிற்கிறார். அது டிராலிப் பயணம். அங்கிருந்து மீண்டு வந்த பிறகுதான் அப்பாவோடு பேசுகிறார். அதுவும் நிகழ்ச்சியின் வரிசைதான். கற்பனையில் ஒத்திகை பார்த்த பிறகே நிஜத்தில் பேச்சு.

கனவுக் காட்சி பலருக்கு ஒட்டுவதில்லை. ஒட்டாததற்குக் காரணம், நிகழ்ச்சி கறாராகக் காத்த எல்லையை அந்த இடத்தில் படம் தாண்டுகிறது. நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தத் தாண்டல் திகிலாக இருக்கும், திகிலாக இருக்க வேண்டும் என்றுதான் அது செய்யப்பட்டிருக்கிறது. பார்க்காதவருக்கு விசித்திரமான ஒரு கனவு, அவ்வளவுதான். படத்தின் உண்மையான பலவீனம் இந்த இடம் என்பேன். வெளியிலிருந்து வருகிறவருக்கு அந்த எல்லையைப் பற்றிப் படம் முன்கூட்டியே ஒரு குறிப்பாவது கொடுத்திருக்கலாம்.

தொழில்நுட்பத்தில் நின்று பார்க்க வேண்டிய இடம், நிகழ்ச்சிப் பகுதிகளைப் படமாக்கிய விதம். பழைய தொலைக்காட்சியின் தோற்றம் வேண்டுமானால் இப்போது பெரும்பாலும் டிஜிட்டலில் எடுத்துவிட்டுக் கணினியில் நிறத்தை மங்கலாக்கிக் கோடுகளைச் சேர்ப்பார்கள். அது பெரும்பாலும் பொய்யாகத்தான் தெரியும். காரணங்கள் இரண்டு. ஒன்று அசைவு. சினிமா நொடிக்கு 24 சட்டகம். பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி ஒரு சட்டகத்தை ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று இரண்டு பாதியாகப் பிரித்து, நொடிக்கு ஏறத்தாழ 60 பாதிகளாக அனுப்பியது. அதனால் ஒருவர் கையை அசைப்பதுகூட வழவழவென்று, நேரில் பக்கத்தில் நிற்பதுபோல் தெரியும். 24 சட்டகத்தில் எடுத்ததை எப்படி மங்கலாக்கினாலும் இந்த வழவழப்பு வராது. இரண்டாவது வெளிச்சம். அந்தக் காலக் கேமராக்களுக்குள் இருந்தது சில்லு அல்ல, வெற்றிடக் குழாய். பளிச்சென்ற ஒரு புள்ளி நகர்ந்தால் அதன் பின்னால் வால் போல ஒரு தடம் இழுபடும். நிறங்களின் ஓரங்கள் லேசாகக் கசியும். இதை முழுக்கக் கணினியில் போலி செய்வது சிரமம்.

ஹெல்லரும் ஒளிப்பதிவாளர் ஜோடி லீ லைப்ஸும் அந்தக் குறுக்குவழியில் போகவில்லை. பழைய இகெகாமி குழாய்க் கேமராக்களையே தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார்கள். படமாக்கியதும் நிஜ நிகழ்ச்சி உருவான அதே டபிள்யூ.க்யூ.இ.டி. ஸ்டூடியோவில்தான். செட்டை அங்கே மறுபடி கட்டினார்கள். (அசல் செட்டின் பாகங்களைப் பிட்ஸ்பர்க்கின் ஹைன்ஸ் வரலாற்று மையத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.) திரை 4:3 என்ற, சதுரத்தை நெருங்கும் அளவுக்குச் சுருங்குவதைக் கவனிக்கலாம். லாயிடின் உலகத்துக்குள் போகும்போது அகலத்திரை வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறை அளவு மாறும்போதும் இப்போது எந்த உலகத்தில் நிற்கிறோம் என்று படம் சொல்கிறது. நிகழ்ச்சியின் டிராலி செய்த வேலையை இங்கே திரையின் அளவும் சேர்ந்து செய்கிறது.

நகரக் காட்சிகள் இன்னும் அழகு. வேறு படமாக இருந்தால் நியூயார்க்கிலிருந்து பிட்ஸ்பர்க் போவதற்கு மேலிருந்து எடுத்த ஒரு விமான ஷாட்டைப் போட்டிருப்பார்கள். இங்கே நகரம், பாலம், வண்டிகள் எல்லாம் மினியேச்சர், நிகழ்ச்சியின் தொடக்கத்தில் வரும் பொம்மைத் தெருவின் பெரிய வடிவம். லாயிட் போன்ற ஆள் எவ்வளவு கசப்போடு அலைந்தாலும், அவர் அலைவது யாரோ கையால் செய்து ஒட்டிய அட்டை நகரத்தில்தான். இதை ஒரு வசனம்கூட விளக்குவதில்லை.

அடுத்தது உண்மையும் புனைவும். மூலம் 1998 நவம்பர் எஸ்கொயர் இதழில் டாம் ஜுனோட் எழுதிய ராஜர்ஸ் கட்டுரை. கதாநாயகர்களைப் பற்றிய சிறப்பிதழ் அது. ஜுனோட் அப்போது மென்மைக்குப் பெயர்போன எழுத்தாளர் அல்ல. படத்தில் லாயிட், தன்னைக் கேலி செய்யவே இந்த வேலைக்கு அனுப்புகிறார்கள் என்ற எரிச்சலோடு 400 சொல் குறிப்பு எழுதக் கிளம்புகிறார். பேட்டிக்குச் சம்மதித்தவர் ராஜர்ஸ் ஒருவர் மட்டுமே என்று ஆசிரியர் (கிறிஸ்டின் லாட்டி) சொல்லும் வரி, லாயிட் எப்படிப்பட்டவர் என்பதை ஒரே போடில் சொல்லிவிடுகிறது. கடைசியில் 400 சொல் 10,000 சொல்லாகி அட்டைப்படக் கட்டுரையாகிறது.

கல்யாண வீட்டில் அப்பாவும் மகனும் அடித்துக்கொள்வது புனைவு. அதனால்தான் பெயரும் மாறியிருக்கிறது. ஜுனோட் லாயிட் ஆகிவிட்டார். ஆனால் சுரங்க ரயிலில் பள்ளிப் பிள்ளைகள் ராஜர்ஸைப் பார்த்ததும் ஒன்றுசேர்ந்து அவர் பாட்டைப் பாடுவது கட்டுரையில் இருப்பதுதான். திரைக்கதைக்காகச் சேர்த்த சர்க்கரை என்று பலர் நினைக்கும் காட்சியே நிஜத்திலிருந்து வந்தது.

திரைக்கதை எழுதிய மைக்கா ஃபிட்சர்மன் புளூவும் நோவா ஹார்ப்ஸ்டரும் செய்த கெட்டிக்கார வேலை, கட்டுரையில் சிதறிக் கிடந்த நிகழ்வுகளை இடம்மாற்றி வைத்தது. கட்டுரையில் பெருமூளை வாதத்தால் பாதிக்கப்பட்ட ஒரு சிறுவனைச் சந்திக்கும் ராஜர்ஸ், எனக்காகப் பிரார்த்தனை செய்வாயா என்று அவனிடம் கேட்பார். அதுவரை எல்லோரும் அவனுக்காகப் பிரார்த்தித்தார்கள், அவனிடம் யாரும் கேட்டதில்லை. இவ்வளவு கஷ்டத்தைக் கடந்தவன் கடவுளுக்கு நெருக்கமாக இருப்பான் என்பது ராஜர்ஸ் சொன்ன காரணம். படத்தில் இதே வேண்டுகோள் சாகக் கிடக்கும் லாயிடின் அப்பா ஜெர்ரியின் (கிறிஸ் கூப்பர்) காதுக்குள் போகிறது. கட்டுரையில் தொலைந்துபோகும் பழைய முயல் பொம்மை ஒரு குட்டிப் பையனுடையது. படத்தில் லாயிடின் பால்ய காலத் துணையாக அது வருகிறது, கனவில் முயல் காதுகள் முளைப்பதும் அங்கிருந்துதான். இந்த இடங்களில் ஒன்றுமே புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, இருக்கிற செங்கலை எடுத்து வேறு சுவர் கட்டியிருக்கிறார்கள். நிஜ மனிதர்களைப் பற்றித் திரைக்கதை எழுத நினைப்பவர்கள் கட்டுரையையும் படத்தையும் அக்கம்பக்கமாக வைத்துப் படித்தால் பாடப்புத்தகம் வாங்க வேண்டியதில்லை.

ராஜர்ஸ் பேசும் விதத்துக்கு வருவோம், இங்கேதான் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டும். அவர் குழந்தைகளோடு பேசிய மொழிக்கு அவருடைய குழுவினர் வைத்த செல்லப்பெயர் ஃப்ரெடிஷ். 1977இல் குழுவில் இருந்த ஆர்தர் கிரீன்வால்டும் பாரி ஹெட்டும் அந்த மொழியின் இலக்கணத்தை ஒன்பது படிகளாக வேடிக்கையாக எழுதிவைத்தார்கள். வேடிக்கை என்றாலும் ராஜர்ஸ் வேலை செய்த முறையே அதுதான். எடுத்துக்கொண்ட உதாரணம் 'தெருவில் விளையாடுவது ஆபத்து' என்ற வாக்கியம். சொல்ல வந்ததைக் குழந்தைக்குப் புரியும்படி தெளிவாகச் சொல்வது முதல் படி, அது ஆயிற்று. அடுத்து, எதிர்மறையை நேர்மறையாக்க வேண்டும்: 'பாதுகாப்பான இடத்தில் விளையாடுவது நல்லது.' எது பாதுகாப்பு என்று சின்னக் குழந்தைக்குப் பிரித்தறியத் தெரியாது, ஆகவே அது நம்பும் ஆளிடம் திருப்பிவிட வேண்டும்: 'எங்கே விளையாடலாம் என்று அப்பா அம்மாவிடம் கேள்.' இதில் கட்டளை இருக்கிறது, அதை எடுத்துவிட வேண்டும்: 'எங்கே விளையாடலாம் என்று அப்பா அம்மா சொல்வார்கள்.' சொல்வார்கள் என்று நிச்சயமாக நமக்குத் தெரியுமா? ஆகவே 'அப்பா அம்மாவால் சொல்ல முடியும்.' அப்பா அம்மா இல்லாத குழந்தையும் பார்த்துக்கொண்டிருக்கலாம், ஆகவே 'உனக்குப் பிடித்த பெரியவர்களால் சொல்ல முடியும்.' கேட்டு நடக்க ஒரு காரணம் வேண்டும்: 'அவர்கள் சொல்வதைக் கேட்பது நல்லது.' நல்லது என்பது ஒரு தீர்ப்பு, கேட்காத குழந்தை கெட்டது என்று ஆகிவிடும், ஆகவே 'கேட்க முயல்வது முக்கியம்.' கடைசியாக, குழந்தையின் வளர்ச்சியோடு அதை இணைக்க வேண்டும்: 'அப்படிக் கேட்பது வளர்வதில் ஒரு முக்கியமான பகுதி.'

சின்ன வாக்கியத்துக்கு இவ்வளவா என்று கேட்கலாம். ஒவ்வொரு படியும் ஒரு குழந்தையையாவது காயத்திலிருந்து காப்பாற்றுகிறது என்பதே அதற்குப் பதில். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் குழந்தை உளவியலாளர் மார்கரெட் மெக்ஃபார்லண்டோடு பல ஆண்டுகள் உட்கார்ந்து, தன் பாட்டுகளையும் வசனங்களையும் அலசியவர் ராஜர்ஸ். ராஜர்ஸ் மீனுக்கு இரை போடுகிறாரா இல்லையா என்று தெரியாமல் கவலைப்பட்ட ஒரு பார்வையற்ற சிறுமியின் கடிதம் வந்த பிறகு, இரை போடும்போதெல்லாம் அதை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார்.

படத்தின் வசனத்தை இந்த ஒன்பது படிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உன் அப்பாவை மன்னித்துவிடு என்று லாயிடிடம் ராஜர்ஸ் ஓரிடத்திலும் சொல்வதில்லை, அது கட்டளை ஆகிவிடும். சரி எது, தவறு எது என்று தெரிந்த உறுதியான மனிதர் நீங்கள், அந்தக் குணம் உருவானதில் அப்பாவோடான உறவுக்கும் பங்குண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள முயன்று பாருங்கள் என்கிற பாணியில்தான் பேசுகிறார். 'முயன்று பாருங்கள்' என்பது எட்டாவது படியில் வரும் அதே முயற்சி. தன்னைப் போன்ற உடைந்தவர்களை உங்களுக்குப் பிடிக்கும் போலிருக்கிறதே என்று லாயிட் குத்தும்போது, நீங்கள் உடைந்தவர் என்று எனக்குத் தோன்றவில்லை என்று மட்டும் பதில் வருகிறது. வாதம் இல்லை, ஆறுதல் இல்லை.

தமிழில் இந்தப் படத்துக்கு வசனம் எழுத நேர்ந்தால் முதல் சிக்கல் 'நீ'யா 'நீங்க'ளா என்பதில் வரும். ஆங்கிலத்தில் ராஜர்ஸ் குழந்தையிடமும் செனட்டரிடமும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார், ஒரே குரலில். தமிழில் குழந்தையை 'நீ' என்றும் லாயிடை 'நீங்கள்' என்றும் பிரித்துவிட்டால், இருவரையும் அவர் சமமாக நடத்துகிறார் என்ற விஷயமே கரைந்துவிடும். இருவருக்கும் 'நீங்க' போடுவதுதான் சரி. நாலு வயதுப் பிள்ளையை 'நீங்க' என்று கூப்பிடும் பெரியவரின் குரல் நம் காதுக்குப் புதிதல்ல. கொஞ்சலாகவும் இருக்கும், மரியாதையாகவும் இருக்கும்.

அந்த உணவகக் காட்சி. லாயிடும் ராஜர்ஸும் ஒரு சீன உணவகத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நம்மை நேசித்தே நம்மை ஆளாக்கியவர்களை ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்போம் என்கிறார் ராஜர்ஸ். கடையில் தட்டுச் சத்தம் அடங்குகிறது, பேச்சு அடங்குகிறது, பக்கத்து மேசைக்காரர்களும் அமைதியாகிறார்கள். படம் ஏறத்தாழ அந்த முழு நிமிடத்தையும் அப்படியே விட்டுவிடுகிறது. எடிட்டிங் மேசையில் மிகவும் கை அரிக்கும் இடம் இது. பத்து நொடி தாண்டினாலே பார்வையாளர் நாற்காலியில் நெளிவார் என்று பயம் வரும். நெளியத்தான் வேண்டும். இருபது நொடிவரை லாயிடைப் பார்த்துக்கொண்டிருப்போம், அதற்குமேல் வேறு வழியில்லாமல் நமக்கு யாருடைய முகமாவது வந்துவிடும். அந்த நேரத்தில் ஹாங்க்ஸின் கண்கள் மெல்லத் திரும்பி நேராக லென்ஸைப் பார்க்கின்றன. எபிசோடு யாருக்காக எடுக்கப்படுகிறது என்பது அங்கே தெரிந்துவிடுகிறது.

இதற்கும் நிஜ வேர் உண்டு. 1997இல் பகல்நேர எம்மி தொலைக்காட்சி விருது விழாவில் வாழ்நாள் சாதனை விருது வாங்கியபோது, அரங்கில் இருந்த நட்சத்திரங்களிடம் ராஜர்ஸ் பத்து நொடி கேட்டார், நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். படத்தில் பத்து நொடி ஒரு நிமிடமாகியிருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். உணவகத்தில் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் ராஜர்ஸின் மனைவி ஜோஆன், மிஸ்டர் மெக்ஃபீலியாக நடித்த டேவிட் நியூவெல், ராஜர்ஸ் நிறுவனத்தை நடத்திய பில் ஐஸ்லர் ஆகியோரும் இருக்கிறார்கள், எல்லோரும் அசல் ஆட்கள். ராஜர்ஸ் 2003 பிப்ரவரி 27 அன்று இறந்துவிட்டார். அவரை நேசித்தவர்கள் அவருக்காக நிஜமாகவே மௌனம் காக்கும் நிமிடம் அது. முதல் முறை பார்க்கும்போது இது தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டாம் முறை தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த மேசைகளை விட்டுக் கண் நகராது.

ஹாங்க்ஸின் நடிப்பைக் குரல் ஒற்றுமையை வைத்து அளக்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அவர் மிமிக்ரி செய்யவில்லை. ராஜர்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டது வேகத்தை. கேள்வி வந்ததும் பதில் வராது, நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் முகம் வெறுமையாக இருந்தால் ஆள் மந்தமாகத் தெரிவார், சிரித்துக்கொண்டே இருந்தால் போலியாகத் தெரிவார். ஹாங்க்ஸ் அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். மிஸ்டர் ராஜர்ஸின் பிள்ளைகளாக வளர்வது உங்கள் மகன்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்குமே என்று லாயிட் சீண்டும் இடத்தைப் பாருங்கள். கோபம் வரக்கூடிய கேள்வி. ஒரு சின்ன நிழல் முகத்தில் ஓடி மறைகிறது. பிறகு, இப்படி ஒரு கோணத்தைக் காட்டியதற்கு நன்றி என்கிறார். கேள்விகள் தன் உள்பக்கம் வரும்போது வரிப்புலி டேனியலைக் கையில் மாட்டிக்கொண்டு நழுவுவதையும் படம் மறைப்பதில்லை.

அவரை மகானாக்கி மேலே வைத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை படத்துக்குள்ளேயே இருக்கிறது. உயிரோடு இருக்கும் மகானோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்று கேட்கும் லாயிடிடம், ஜோஆனாக வரும் மேரியன் பிளங்கெட், அந்தச் சொல் தனக்குப் பிடிக்காது என்கிறார். மகான் என்று சொல்லிவிட்டால் மற்றவர்களால் எட்டவே முடியாது என்றாகிவிடும். அவருக்கும் கோபம் வரும், இப்படி இருப்பது அவருக்கு ஒரு பயிற்சி என்று சொல்லி, அன்றாடம் செய்வதை அடுக்குகிறார். வேதம் வாசிப்பது, நீச்சல், பெயர் சொல்லி ஒவ்வொருவருக்காகவும் பிரார்த்தனை, கடிதம் எழுதுவது. நிஜ ராஜர்ஸ் தன் எடையை 143 பவுண்டில், அதாவது சுமார் 65 கிலோவில், பல ஆண்டுகள் நிறுத்திவைத்திருந்தார் என்று ஜுனோட் எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்பதன் மூன்று சொற்களில் முறையே 1, 4, 3 எழுத்துகள். கணக்கு விளையாட்டுத்தனமாகத் தெரியலாம். ஆனால் அதைக் காப்பாற்ற நாள் தவறாமல் தண்ணீரில் இறங்க வேண்டும்.

கூடாரக் காட்சியும் இதே விஷயம்தான். செட்டில் ஒரு கூடாரத்தை நிறுத்தப் பார்க்கிறார், கம்பி ஒருபக்கம் சரிகிறது, துணி மறுபக்கம் சரிகிறது, நிற்கவில்லை. மறுபடி எடுக்கலாமா என்று தயாரிப்பாளர் கேட்கிறார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்கிறார் ராஜர்ஸ். பெரியவர்கள் போடும் திட்டமும் தவறிப்போகும் என்பது குழந்தைகளுக்குத் தெரிய வேண்டும். லாயிடுக்கு இதெல்லாம் நடிப்பா நிஜமா என்று பிடிபடாமல் போவது இங்கிருந்துதான்.

படத்தில் சரியாக அமையாததையும் சொல்லிவிட வேண்டும். லாயிடின் மனைவி ஆண்ட்ரியாவாக வரும் சூசன் கெலச்சி வாட்சன் நல்ல நடிகை, ஆனால் அவருக்குக் கிடைத்தது கைக்குழந்தையோடு காத்திருக்கும் வேலை மட்டும். வேலை, வீடு, மாமனாரின் நோய் என்று எல்லாப் பாரமும் அவர் தலையில் இருந்தும், ராஜர்ஸ் அவரோடு முழுதாக உட்கார்ந்து பேசும் ஒரு காட்சி இல்லை. அப்பாவின் மரணத்தை நோக்கிக் கதை நகரும் பாதையும் முன்பே யூகிக்கக்கூடியது. குடும்பத்தை விட்டுப் போன அப்பா, சாகும் தறுவாயில் சமாதானம் என்ற சட்டகம் பழையது. அதைத் தூக்கி நிறுத்துவது கிறிஸ் கூப்பர். தான் செய்த தவறைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும்போதுகூட அவர் குரலில் பரிதாபம் தேடும் தொனி இல்லை.

பார்க்கும் வரிசைக்கு ஒரு யோசனை. முதலில் நிகழ்ச்சியின் எபிசோடு ஏதாவது ஒன்றைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை பாருங்கள், ஓட்டிப் பார்த்தால் பயனில்லை, அந்த வேகம் உடம்பில் ஏற வேண்டும். அடுத்து 1969 மே 1 அன்று அமெரிக்க செனட் குழுவின் முன் ராஜர்ஸ் சொன்ன சாட்சியத்தைப் பாருங்கள், ஆறேழு நிமிடம்தான். பொதுத் தொலைக்காட்சிக்கான 2 கோடி டாலர் நிதி வெட்டுப்படும் நிலை. குழுவின் தலைவர் ஜான் பஸ்டோரி கடுகடுப்பானவர். ராஜர்ஸ் எழுதிக் கொண்டுவந்ததைப் படிக்கவில்லை. கோபத்தை என்ன செய்வது என்று குழந்தைகளுக்காகத் தான் எழுதிய பாட்டின் வரிகளை ராகம் இல்லாமல் அப்படியே சொன்னார். களிமண்ணை அடிக்கலாம், மாவைப் பிசையலாம், செய்ய நினைத்த தவறை நடுவிலேயே நிறுத்தவும் முடியும், அப்படி நிறுத்துவது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று போகும் பாட்டு. கேட்டு முடித்த பஸ்டோரி, 2 கோடியைச் சம்பாதித்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்றார்.

அதன் பிறகு படம். கூடிய மட்டும் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், உணவகத்து நிமிடத்தில் மின்விசிறிச் சத்தம்கூட உறுத்தும். ஜுனோட்டின் கட்டுரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். படத்துக்கு முன்னால் படித்தால் எது எங்கிருந்து வந்தது என்று தேடுவதிலேயே கவனம் போய்விடும்.

படத்தின் இறுதியில் எபிசோடு முடிகிறது, ஸ்டூடியோவில் விளக்குகள் அணையத் தொடங்குகின்றன, ஆட்கள் கலைகிறார்கள். ராஜர்ஸ் தனியாகப் பியானோவில் உட்கார்ந்து வாசிக்கிறார். நடுவில் நிறுத்தி, இடது ஓரத்துக் கனத்த கட்டைகளை ஒரே அடியாக அறைகிறார். கோபம் வந்தால் செய்யலாம் என்று அதற்குமுன் அவரே சொன்னதுதான் அது. அந்த முரட்டு ஒலி அடங்கியதும், விட்ட இடத்திலிருந்து வாசிப்பைத் தொடர்கிறார்.